ஆடாத மேசை: வீட்டுத் தச்சு வேலைக்கு முதல் படி



எம். புதுப்பட்டி பக்கம் எந்தக் குழுக் கூட்டத்துக்குப் போனாலும் நாங்கள் கேட்கிற கேள்வி ஒன்று உண்டு. "பட்டாசை விட்டா, தீப்பெட்டியை விட்டா, நம்ம ஊர்ல வேற என்னங்க வேலை இருக்கு?" 2023 அக்டோபர் 17 அன்று பக்கத்தில் ரெங்கபாளையத்தில் நடந்த பட்டாசு ஆலை வெடிவிபத்தில் பத்துப் பேருக்கு மேல் இறந்தார்கள். பெரும்பாலோர் பெண்கள். அதற்குப் பிறகு இந்தக் கேள்வி இன்னும் அழுத்தமாக வருகிறது.

ஒரே நாளில் பதில் சொல்ல முடியாது. ஆனால் கையில் தொழில் இருந்தால் ஒரே வேலையை நம்பி இருக்க வேண்டியதில்லை. இந்தப் பாடத்தில் தச்சு வேலையின் முதல் படியைப் பார்ப்போம். "பொம்பளைக்கு எதுக்கு ஆசாரி வேலை?" என்று யாராவது கேட்டால், கேரளத்தைக் காட்டுங்கள். கோட்டயம் மாவட்டம் ஏற்றுமானூரில் உள்ள அர்ச்சனா மகளிர் மையம் பெண்களுக்குக் கொத்து வேலையும் தச்சு வேலையும் கற்றுக் கொடுத்திருக்கிறது. அவர்களுக்கு முடிந்தது நமக்கும் முடியும்.

மேசை ஏன் முதலில்?

நம்ம ஊர் ஆசாரிகள் தரையில் உட்கார்ந்து, மரத்தைக் காலால் மிதித்துப் பிடித்து வேலை செய்வார்கள். அது சிறு வயதிலிருந்து வந்த பழக்கம். புதிதாகக் கற்கிற நமக்கு உளிக்குப் பக்கத்தில் கால் இருப்பது ஆபத்து. முட்டி வலி, இடுப்பு வலி உள்ளவர்களுக்குத் தரை வேலை ஒத்து வராது. மரம் அசையாமல் நின்றால்தான் ரம்பம் நேராகப் போகும், உளி வழுக்காது. அதனால் கருவி வாங்கும் முன் ஆடாத மேசை வேண்டும்.

பட்டணத்தில் கார் நிறுத்தும் இடத்தில் இதைப் போடுவார்கள். நமக்குத் தாழ்வாரமோ தகரக் கொட்டகையோ போதும். அடுப்புக்குப் பக்கத்தில் வேண்டாம். மரத்தூள் சுலபமாகத் தீப்பிடிக்கும்.

மரம் எடுக்கும்போது கவனம்

இந்தப் பாடத்திலேயே முக்கியமான பகுதி இதுதான். குழுவில் படித்துக் காட்டுங்கள்.

1. பட்டாசு ஆலையிலிருந்து வந்த பெட்டி, பலகை, தட்டு எதையும் எடுக்காதீர்கள். வெடியுப்பு, கந்தகம், அலுமினியப் பவுடர் பலகையின் இடுக்கில் தங்கியிருக்கும். ஆணி அடிக்கும்போதும் ரம்பம் போடும்போதும் உரசல், சூடு, பொறி எல்லாம் வரும். "கழுவிட்டோம், காய வச்சிட்டோம்" என்றாலும் வேண்டாம். அடுப்பிலும் எரிக்கக் கூடாது.

2. சரக்கு இறக்கும் மரத் தட்டுகள் கிடைத்தால், முன்பு என்ன ஏற்றினார்கள் என்று கேளுங்கள். தெரியவில்லை என்றால் விட்டுவிடுங்கள். வெளிநாட்டிலிருந்து வந்த தட்டில் முத்திரை இருக்கும். அதில் ஆங்கிலத்தில் 'எச்.டி.' என்றால் சூடு காட்டிப் பூச்சியைக் கொன்ற மரம், எடுக்கலாம். 'எம்.பி.' என்றால் விஷப் புகை போட்ட மரம், எடுக்க வேண்டாம்.

3. பழைய வீடு இடிக்கும் இடத்தில் கிடைக்கும் சட்டமும் உத்திரமும் நல்லது. பல வருஷம் காய்ந்த மரம், இனிமேல் அதிகம் சுருங்காது. உள்ளே ஆணி இருக்கிறதா என்று காந்தத்தை வைத்துப் பாருங்கள்.

4. புது மரம் என்றால் வைரம் பாய்ந்த வேம்பு காலுக்கு நல்லது. வெளிப்புற வெள்ளைப் பகுதி சீக்கிரம் உளுத்துப் போகும். ஈர மரத்தில் செய்தால் நாலு மாசத்தில் எல்லாம் தளர்ந்துவிடும்.

உயரம்: உங்கள் கைதான் அளவு

கடை மேசையின் உயரம் எல்லோருக்கும் பொருந்தாது. செருப்புப் போட்டு நேராக நில்லுங்கள். கையைத் தொங்க விடுங்கள். தரையிலிருந்து மணிக்கட்டு வரை அளந்து கொள்ளுங்கள். மேசை அந்த உயரமோ, ஒரு அங்குலம் குறைவாகவோ இருக்கலாம். ஐந்தடி உயரமுள்ள பெண்ணுக்கு 28 அங்குலம் போல வரும். அதைவிட உயர்ந்தால் இழைப்புளி தள்ளத் தோள் வலிக்கும். தாழ்ந்தால் இடுப்பு வலிக்கும். பல பேர் சேர்ந்து பயன்படுத்தினால், குள்ளமானவர் அளவில் செய்யுங்கள். உயரமானவருக்குக் காலடியில் கட்டை வைத்து மேசையை ஏற்றிக் கொள்ளலாம்.

தேவையான மரம் (28 அங்குல உயர மேசைக்கு)

கால்: 3க்கு 3 அங்குலக் கட்டை, 26 அங்குல நீளம், 4.
நீளச் சட்டம்: 4க்கு 2 அங்குலம், 40 அங்குல நீளம், 4.
குறுக்குச் சட்டம்: 4க்கு 2 அங்குலம், 20 அங்குல நீளம், 5.
மேல் பலகை: 2 அங்குலக் கனம், 4 அடி நீளம், எல்லாப் பலகையும் சேர்த்து 20 அங்குல அகலம்.
போல்ட்: 10 எம்எம் கனம், 6 அங்குல நீளம், நட்டு, வாசருடன் 32.
கீழ்த்தட்டுக்குக் கொஞ்சம் பலகை, மேலே பொருத்தத் திருகு.

ஆணி மட்டும் அடித்தால் போதாதா? போதாது. இழைப்புளி தள்ளும்போது மேசை முன்னும் பின்னும் அசையும், ஆணி மெல்ல மெல்லக் கழன்று வரும். போல்ட் தளர்ந்தால் ஸ்பானர் எடுத்து மறுபடி முடுக்கிக் கொள்ளலாம்.

செய்யும் முறை

1. இரண்டு கால்களை 20 அங்குல அகலத்துக்கு நிறுத்துங்கள். குறுக்குச் சட்டம் ஒன்றைக் காலின் தலையோடு சமமாக வெளிப்பக்கம் வையுங்கள். இன்னொன்றைத் தரையிலிருந்து 10 அங்குல உயரத்தில் வையுங்கள். ஒவ்வொரு சேர்க்கைக்கும் இரண்டு போல்ட். இப்படி இரண்டு சட்டகம் செய்யுங்கள்.

2. நீளச் சட்டத்தைக் கால்களின் உள்பக்கம் பொருத்துங்கள். மேலே உள்ளது காலின் தலையிலிருந்து 4 அங்குலம் கீழே, கீழே உள்ளது தரையிலிருந்து 6 அங்குலம் மேலே. இப்படி மட்டம் மாற்றி வைத்தால் போல்ட்டுகள் காலுக்குள் ஒன்றையொன்று முட்டாது. முன்பக்க போல்ட்டின் தலையை மரத்துக்குள் பதிய விடுங்கள்.

3. முழுதாக முடுக்கும் முன் மூலைக்கு மூலை கயிறு பிடித்துப் பாருங்கள். இரண்டு அளவும் ஒன்றாக இருந்தால் மேசை கோணவில்லை. இப்போது எல்லா போல்ட்டையும் முடுக்குங்கள்.

4. ஐந்தாவது குறுக்குச் சட்டத்தை நடுவில், மேல் நீளச் சட்டங்களின் மீது நிறுத்தி, சாய்வாகத் திருகு போடுங்கள். அது காலின் தலைக்குச் சமமாக வரும்.

5. மேல் பலகைகளை மூன்று குறுக்குச் சட்டத்திலும் திருகுங்கள். திருகுத் தலை நன்றாக உள்ளே போகட்டும், இல்லாவிட்டால் இழைப்புளியின் இரும்பு உடையும். பலகையின் முன் ஓரமும் முன் காலும் ஒரே கோட்டில் இருக்க வேண்டும். அப்போதுதான் நீளப் பலகையைக் காலோடு சேர்த்து கிளாம்ப் போட்டுப் பிடிக்க முடியும்.

6. கீழ் நீளச் சட்டத்தின் மேல் பலகை பரப்பி, 20 செங்கல் அடுக்குங்கள். பாரம் ஏறினால் மேசை நகராது.

7. வலது கைப் பழக்கம் உள்ளவர் இடது ஓரத்திலிருந்து 8 அங்குலம் விட்டு ஒரு துளை போடுங்கள். அதில் சீமைக்கருவேல முளையை இறுக்கி, அரை அங்குலம் மேலே தெரியும்படி வையுங்கள். இழைக்கும் பலகை இந்த முளையில் முட்டி நிற்கும். வைஸ் பிறகு வாங்கலாம். முளைக்குப் பதில் இரும்பு வேண்டாம்.

துளை போடுவதற்கு மட்டும் ஊர் ஆசாரி அண்ணனை ஒரு நாள் கூலிக்கு அழைக்கலாம். ஆனால் அவர் செய்ய நாம் பார்ப்பதோடு நிற்க வேண்டாம். "ஒரு துளை நீங்க போடுங்கண்ணே, அடுத்தது நாங்க போடுறோம்" என்று முதலிலேயே பேசிக் கொள்ளுங்கள்.

வேலை செய்யும்போது

முந்தானையைச் செருகி, கூந்தலைக் கொண்டை போட்டு, வளையலைக் கழற்றி வையுங்கள். மின்சாரக் கருவி என்றால் துப்பட்டாவும் கூடாது. எர்த் உள்ள மூன்று பின் பிளக் மட்டும் பயன்படுத்துங்கள்.

பட்டாசு வேலைக்குப் போய் வருகிறவர்கள் குளித்து, துணி மாற்றிய பிறகே மேசைக்கு வர வேண்டும். மருந்துத் துணியை அந்தப் பக்கம் வைக்கக் கூடாது. இந்த மேசையில் திரி வெட்டுவது, மருந்து அடைப்பது எதுவும் கூடாது. உரிமம் இல்லாமல் வீட்டில் பட்டாசு செய்வது சட்டப்படி குற்றம். வீட்டில் விபத்து நடந்தால் பிள்ளைகளும் பக்கத்து வீட்டாரும் சேர்ந்து பாதிக்கப்படுவார்கள்.

எங்கிருந்து தொடங்குவது?

மேசை வந்ததும் பெரிய கட்டில் செய்யப் போக வேண்டாம். மனைப்பலகை, முக்காலி, கோழிக் கூண்டுக் கதவு, உடைந்த நாற்காலி ரிப்பேர், இவற்றில் கை பழகட்டும். ஐந்து பேர் சேர்ந்து உள்கடனில் ஒரு மேசை போட்டால் சுமை குறையும். மரத்துக்கும் போல்ட்டுக்கும் மூன்று கடையில் விலை கேட்டு, தீர்மான நோட்டில் எழுதிய பிறகு வாங்குங்கள். தொழிற் கடன் பற்றி மாவட்டத் தொழில் மையத்தில் விசாரிக்கலாம்.

குழுக் கூட்டத்தில் பேச

1. நம் வீடுகளில் பட்டாசு ஆலைப் பெட்டி, பலகை ஏதாவது கிடக்கிறதா? அதை யார், எப்போது அப்புறப்படுத்துவது?
2. மேசை போட அடுப்பும் மருந்தும் இல்லாத இடம் யார் வீட்டில் இருக்கிறது?
3. நம் தெருவில் ஒரு மாதத்தில் என்னென்ன மரச் சாமான் உடைகிறது? யார் சரி செய்கிறார்கள், என்ன கூலி வாங்குகிறார்கள்?

மூன்றாவது கேள்விக்குப் பதிலை எழுதிப் பாருங்கள். உங்கள் முதல் வாடிக்கையாளர்கள் அந்தப் பட்டியலிலேயே இருப்பார்கள்.