மாவுப் பெட்டிக்கு ஒரு கண்ட்ரோல் பேனல்

வெளிநாடுகளில் வீட்டிலேயே பீர் காய்ச்சுவதைப் பொழுதுபோக்காகக் கொண்டவர்கள், அதற்கென ஒரு எலெக்ட்ரிக்கல் கண்ட்ரோல் பேனலைத் தாங்களே செய்துகொள்கிறார்கள். தமிழ்நாட்டில் வீட்டில் மது தயாரிப்பது 1937-ஆம் ஆண்டு மதுவிலக்குச் சட்டப்படி குற்றம். ஆனால் அந்தப் பேனல் செய்யும் வேலை நம் எல்லார் வீட்டிலும் இருக்கிறது. நொதிக்கும் ஒரு பொருளை ஒரே சூட்டில் வைத்திருப்பதுதான் அந்த வேலை. நம் ஊரில் அந்தப் பொருள் இட்லி மாவு.

நசரத்பேட்டையில் என் அம்மா வீட்டில் மாவு அரைத்து விற்கிறார். தினமும் 20 கிலோ. மே மாதம் மாவு பொங்கி வழியும். மார்கழி, தை மாதங்களில் காலை 6 மணிக்கு வாடிக்கையாளர் பாத்திரத்தோடு வந்து நிற்கும்போதும் மாவு அப்படியே கிடக்கும். மாவைப் பொங்க வைப்பதில் லியூகோனோஸ்டாக் மெசென்டிராய்ட்ஸ் என்ற பாக்டீரியாவுக்கு முக்கியப் பங்கு உண்டு என்று 1965-ல் வெளியான ஆய்வு ஒன்று காட்டியது. அதற்கு 30 டிகிரி செல்சியஸை ஒட்டிய சூடு பிடிக்கும். எனவே ஓடாத பழைய ஃப்ரிட்ஜ் ஒன்றை எடுத்து, உள்ளே ஹீட்டர் வைத்து, 30 டிகிரியில் நிறுத்த முடிவு செய்தேன். (கம்ப்ரஸர் வயரை மட்டும் கழற்றுங்கள். கேஸ் குழாயை வெட்டாதீர்கள்.)

எத்தனை வாட் ஹீட்டர் தேவை?

மாவைத் தண்ணீராகவே எண்ணிக் கணக்கிடுவோம். 20 கிலோவை 24 டிகிரியிலிருந்து 30-க்கு ஏற்ற வேண்டும். 20 x 4.2 x 6 = 504 கிலோஜூல். 100 வாட் ஹீட்டர் இதை 5040 விநாடியில், அதாவது 84 நிமிடத்தில் கொடுக்கும். வெளியே போகும் சூட்டையும் சேர்த்தால் நேரம் இன்னும் கூடும். இரவு முழுக்க நேரம் இருப்பதால் 100 வாட் போதும். 230 வோல்ட்டில் இது 0.43 ஆம்பியர்தான் இழுக்கும்.

தேவையான பொருட்கள்

1. இரட்டை முனை எம்.சி.பி., 6 ஆம்பியர்.
2. ஆர்.சி.சி.பி., 30 மில்லிஆம்பியர்.
3. எமர்ஜென்சி ஸ்டாப் பட்டன் (சிவப்பு, காளான் வடிவம்).
4. எஸ்.எஸ்.ஆர். எனப்படும் சாலிட் ஸ்டேட் ரிலே, 25 ஆம்பியர்.
5. ஆர்டுயினோ ஊனோ போர்டு, 12 வோல்ட் அடாப்டர்.
6. டிஎஸ்18பி20 வெப்ப சென்சார் (தண்ணீர் புகாத வகை), 4.7 கிலோ ஓம் ரெசிஸ்டர்.
7. 45 டிகிரியில் துண்டிக்கும் பைமெட்டல் தெர்மல் ஸ்விட்ச், கையால் ரீசெட் செய்யும் வகை.
8. 100 வாட் ஸ்ட்ரிப் ஹீட்டர், 12 வோல்ட் கம்ப்யூட்டர் ஃபேன்.
9. மூடிய இரும்புப் பெட்டி.

எல்லாம் ரிச்சி தெருவில் கிடைக்கும். பழைய சி.பி.யூ. கேபினெட்டைப் பேனல் பெட்டியாக்கலாமா என்று கேட்பீர்கள். வேண்டாம். அதில் காற்றுத் துளைகள் அதிகம். மாவுத் தண்ணீர் உள்ளே போகும்.

வயரிங் வரிசை

மின்சாரம் எம்.சி.பி. வழியாக ஆர்.சி.சி.பி.க்கு வரட்டும். அங்கிருந்து ஒரு கிளை அடாப்டருக்கு. இன்னொரு கிளையின் ஃபேஸ் வயர், ஸ்டாப் பட்டன், தெர்மல் ஸ்விட்ச், எஸ்.எஸ்.ஆர். என்ற வரிசையில் ஹீட்டருக்குப் போகட்டும். நியூட்ரல் நேராக ஹீட்டருக்கு. இரும்புப் பெட்டி, ஃப்ரிட்ஜின் உலோக உடல், ஹீட்டரின் உறை மூன்றுக்கும் எர்த் கட்டாயம்.

எம்.சி.பி. இருக்கும்போது ஆர்.சி.சி.பி. எதற்கு? எம்.சி.பி. அதிக கரண்ட்டையும் ஷார்ட்டையும் மட்டுமே கவனிக்கும். ஈரக் கையோடு ஒருவர் ஃபேஸைத் தொட்டால் அவர் உடலில் பாயும் கரண்ட் 6 ஆம்பியரை எட்டாது, எம்.சி.பி. சும்மா இருக்கும். ஃபேஸில் போன கரண்ட் நியூட்ரலில் திரும்பவில்லை என்பதைக் கண்டு துண்டிப்பது ஆர்.சி.சி.பி. மாவு அள்ளும் கை எப்போதும் ஈரம்தான். இதில் காசு மிச்சம் பிடிக்காதீர்கள்.

இன்னொன்று: எஸ்.எஸ்.ஆர். அணைந்திருந்தாலும் அதில் சிறிது கரண்ட் கசியும். ஹீட்டரைத் தொடும் முன் எம்.சி.பி.யை இறக்குங்கள்.

புரோகிராம்

29.5 டிகிரிக்குக் கீழே போனால் ஹீட்டர் ஆன். 31-ஐத் தாண்டினால் ஆஃப். இடையில் இருந்தால் முந்தைய நிலையே தொடரும். இந்த இடைவெளி இல்லாவிட்டால் ஹீட்டர் ஓயாமல் ஆன், ஆஃப் ஆகிக்கொண்டிருக்கும். நான் முதலில் எழுதியது இவ்வளவுதான். ஒரு வாரம் அருமையாக ஓடியது.

எட்டாம் நாள் காலை பெட்டியைத் திறந்தால் சூடு முகத்தில் அடித்தது. மாவு ஓரமெல்லாம் கட்டியாகி, மூக்கைப் பொத்தும் வாடை. இருபது கிலோவையும் கொட்டினோம். வந்தவர்களிடம் அம்மாவே ஒவ்வொருவராக மன்னிப்புக் கேட்டார். நான் தலை குனிந்து நின்றேன்.

காரணம் என்ன? எலி சென்சார் வயரைக் கடித்திருந்தது. சென்சார் கிடைக்காவிட்டால் நான் பயன்படுத்திய லைப்ரரி மைனஸ் 127 என்ற எண்ணைத் தரும். என் புரோகிராம் அதை வெப்பநிலை என்றே நம்பி, "கடுங்குளிர்" என்று இரவு முழுக்க ஹீட்டரை எரித்தது. ஆபீஸில் அடுத்தவர் எழுதிய கோடில் இந்தத் தவறைப் பார்த்திருந்தால் நானே சிரித்திருப்பேன்.

இப்போது செய்துள்ள திருத்தங்கள்:

1. அளவு 10-க்குக் கீழோ 60-க்கு மேலோ இருந்தால் அது பிழை. ஹீட்டர் ஆஃப், பஸ்ஸர் ஆன். இந்த சென்சார் பவர் வந்ததும் அளக்கும் முன் 85 என்று காட்டும். அதுவும் இதில் அடங்கிவிடும்.
2. புரோகிராம் உறைந்துபோனால் போர்டைத் தானாக ரீசெட் செய்யும் வாட்ச்டாக் டைமர். இதை அதிகபட்சம் 8 விநாடிக்கு வைக்கலாம்.
3. எஸ்.எஸ்.ஆர். பின்னுக்கும் கிரவுண்டுக்கும் இடையே 10 கிலோ ஓம் ரெசிஸ்டர். ரீசெட் நேரத்தில் ஹீட்டர் அணைந்தே இருக்கும்.
4. மேலே சொன்ன தெர்மல் ஸ்விட்ச். முதல் பேனலில் இது இல்லை.

நான்காவதுதான் மிக முக்கியம். எஸ்.எஸ்.ஆர். கெடும்போது பெரும்பாலும் ஷார்ட் ஆகி, ஆன் நிலையிலேயே நின்றுவிடும். அப்போது எவ்வளவு நல்ல புரோகிராமாக இருந்தாலும் அதால் ஹீட்டரை அணைக்க முடியாது. கம்ப்யூட்டரின் உதவி இல்லாமல் தானே துண்டிக்கும் ஒன்று தனியாக இருக்க வேண்டும். கையால் ரீசெட் செய்யும் வகையை வாங்கச் சொன்னதற்கும் காரணம் உண்டு. தானே மீண்டும் இணைந்துவிட்டால், கோளாறு இருப்பதே உங்களுக்குத் தெரியாது.

சோதனை

1. பவர் கொடுக்கும் முன் மல்ட்டிமீட்டரால் எர்த் தொடர்ச்சியைப் பாருங்கள். ஃபேஸுக்கும் எர்த்துக்கும் இடையே தொடர்பு இருக்கக் கூடாது.
2. பவர் கொடுத்து, ஆர்.சி.சி.பி.யின் டெஸ்ட் பட்டனை அழுத்துங்கள். உடனே விழ வேண்டும்.
3. ஹீட்டர் எரியும்போது சென்சார் வயரைப் பிடுங்குங்கள். ஹீட்டர் அணைய வேண்டும்.
4. எம்.சி.பி.யை இறக்கி, எஸ்.எஸ்.ஆரின் இரு ஏ.சி. முனைகளையும் ஒரு வயரால் தற்காலிகமாக இணையுங்கள். மாவு இல்லாத பெட்டியில் பவர் கொடுத்து, அருகிலேயே இருந்து கவனியுங்கள். 45 டிகிரி அளவில் தெர்மல் ஸ்விட்ச் துண்டிக்க வேண்டும். பிறகு மீண்டும் எம்.சி.பி.யை இறக்கி வயரை எடுத்துவிடுங்கள்.

230 வோல்ட் பக்கத்து வேலையை லைசென்ஸ் பெற்ற எலெக்ட்ரீஷியனைக் கொண்டு செய்யுங்கள், அல்லது அவரிடம் காட்டிய பிறகே பவர் கொடுங்கள். இந்த நான்கு சோதனைகளையும் மாதம் ஒரு முறை திரும்பச் செய்யுங்கள்.

எங்கள் வீட்டில் மூன்றாவது சோதனையை இப்போது அம்மாவே செய்கிறார். தினமும் மாவை உள்ளே வைத்ததும் சென்சார் பிளக்கை ஒரு முறை கழற்றுவார். பஸ்ஸர் கத்தினால் திரும்ப மாட்டிவிட்டுத்தான் தூங்கப் போவார்.