மகிழுந்தின் மூச்சுக்குழாய்

ஓட்டப்பந்தய வீரருக்கு மூச்சு எவ்வளவு முக்கியமோ, மகிழுந்து இயந்திரத்திற்குக் காற்று அவ்வளவு முக்கியம். ஒரு கிராம் பெட்ரோல் முழுமையாக எரிய ஏறத்தாழ 14.7 கிராம் காற்று தேவை. அந்தக் காற்றை ஒவ்வோர் உருளைக்கும் பங்கிட்டுக் கொண்டுசேர்க்கும் குழாய்த்தொகுதியைப் பட்டறைகளில் ‘இன்டேக் மேனிஃபோல்டு’ என்பர்.

இயந்திரம் நிமிடத்திற்கு 3000 முறை சுழலும்போது, ஒவ்வோர் உருளையும் வினாடிக்கு 25 முறை காற்றை இழுக்கிறது. வால்வு மூடியதும், விரைந்து வந்த காற்று அதில் மோதுகிறது. அப்போது எழும் அழுத்த அலை குழாயின் மறுமுனைக்குச் சென்று திரும்புகிறது. அது திரும்பும் நேரத்தில் வால்வு மீண்டும் திறந்தால், கூடுதல் காற்று உள்ளே தள்ளப்படும். இயந்திரம் மெதுவாகச் சுழலும்போது வால்வு மீண்டும் திறக்கச் சற்று நேரமாகும். ஆகவே, அலை நெடுந்தூரம் சென்றுவர நீளமான குழாய் வேண்டும். வேகமாகச் சுழலும்போது குட்டையான குழாயே பொருந்தும்.

இதனை அறியாத சிலர், குழாய் பெரிதானால் வேகமும் கூடும் என்று நம்பி, அகன்ற குட்டைக் குழாய்களைப் பொருத்துகின்றனர். அவை பந்தயத் தடத்திற்கு ஏற்றவை. ஆனால், நெரிசல் மிகுந்த நகரச் சாலையில் வண்டி புறப்படும்போதும் மேடு ஏறும்போதும் இழுவைத்திறன் குறைந்துவிடும். ஓட்டுநர் முடுக்கியை மேலும் அழுத்துவார். பெட்ரோல் செலவு கூடும்.

இதற்கு நம் நாட்டிலேயே ஒரு தீர்வு உருவானது. புரோட்டோன் நிறுவனம் 2004-ஆம் ஆண்டு ஜென்-2 மகிழுந்தில் கேம்ப்ரோ இயந்திரத்தை அறிமுகப்படுத்தியது. அதன் இழுவைத்திறன், அன்றாடம் பயன்படும் நடுத்தரச் சுழற்சியில் சற்றுச் சரிந்தது. 2008-ஆம் ஆண்டு வெளிவந்த சாகா மகிழுந்தின் கேம்ப்ரோ இயந்திரத்திலோ, தேவைக்கேற்பக் காற்றுப்பாதையின் நீளத்தை மாற்றும் குழாய்த்தொகுதி இடம்பெற்றது. அந்தச் சரிவைக் குறைப்பதே அதன் நோக்கம்.

மகிழுந்தின் திறனைக் கூட்ட விரும்புவோர், முதலில் காற்று வடிகட்டியைத் தூய்மைப்படுத்த வேண்டும். குழாய் இணைப்புகளில் கசிவும், உள்ளே கரிப்படிவும் உள்ளனவா என்று பார்க்க வேண்டும். பல வேளைகளில் இவையே போதுமானவை. அதன் பிறகும் குழாய்த்தொகுதியை மாற்ற எண்ணினால், தாம் அன்றாடம் எந்தச் சாலையில், எந்த வேகத்தில் செல்கிறோம் என்பதைச் சிந்தித்தே முடிவெடுக்க வேண்டும். அளவில் பெரியது எல்லாம் சிறந்தது ஆகிவிடாது; தேவைக்குப் பொருந்துவதே சிறந்தது.

சிந்தித்து விடை எழுதுக:
1. இயந்திரம் மெதுவாகச் சுழலும்போது நீளமான குழாய் ஏன் தேவைப்படுகிறது?
2. நகரச் சாலையில் செல்லும் மகிழுந்துக்கு அகன்ற குட்டைக் குழாய் ஏன் பொருந்தாது?