முதிர்ந்த மாணவரும் மாலை வகுப்பும்

முன்னுரை

கல்லூரி மாணவர் என்றவுடன், பள்ளிப் படிப்பை முடித்து வந்த பதினேழு, பதினெட்டு வயது இளைஞரே நம் நினைவுக்கு வருவர். ஆனால், பகலெல்லாம் கடையிலும் தொழிற்கூடத்திலும் அலுவலகத்திலும் உழைத்துவிட்டு, மாலையில் ஏடும் எழுதுகோலுமாக வகுப்பறைக்குள் நுழையும் மாணவர் கூட்டம் ஒன்றும் உண்டு. அவருள் சிலர் நம்மினும் மூத்தவர். சிலர் தம் பிள்ளைகளைப் பகல் வகுப்புக்கு அனுப்பிவிட்டுத் தாமும் கற்க வந்தவர். இத்தகையோருக்குப் பாடம் சொல்லும் ஆசிரியர் நாள்தோறும் எதிர்கொள்ளும் இடர்கள் எவை, அவற்றை எவ்வாறு நீக்கலாம் என்பதை, மாலை வகுப்பில் நாம் பெற்ற பட்டறிவைக் கொண்டு ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

வரலாற்றில் முதியோர் கல்வி

வளர்ந்தோர் கற்பது இன்று தோன்றிய புதுமையன்று. மதீனாவில் நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் பள்ளிவாசலை ஒட்டியிருந்த திண்ணையில் தங்கிக் கற்ற தோழர்கள், திண்ணைத் தோழர்கள் என்றே வரலாற்றில் அழைக்கப்பெறுகின்றனர். ஹிஜ்ரி 2-ஆம் ஆண்டில் (கி.பி. 624) நிகழ்ந்த பத்ருப் போரில் சிறைப்பட்டோருள் எழுத்தறிந்தவர்கள், மதீனத்துச் சிறுவர்க்கு எழுதக் கற்பித்து விடுதலை பெற்றனர் என்பதும் நாம் அறிந்ததே. எழுத்தறிவுக்கு இதனினும் உயர்ந்த விலையை யாரே வைத்தனர்?

நம் நாட்டில் 1978 அக்டோபர் 2-ஆம் நாள் தேசிய வயதுவந்தோர் கல்வித் திட்டமும், 1988-இல் தேசிய எழுத்தறிவு இயக்கமும் தொடங்கப்பெற்றன. கேரளம் முழு எழுத்தறிவு பெற்ற மாநிலம் என்பதை 1991 ஏப்ரல் 18 அன்று கோழிக்கோட்டில் உலகுக்கு அறிவித்தவர், அமைச்சரோ அறிஞரோ அல்லர். முதுமையை நெருங்கிய வயதில் எழுத்துக் கற்ற மலப்புரம் மாவட்டத்துச் சேலக்காடன் ஆயிஷா என்னும் பெண்மணியே ஆவார். தமிழகத்தில் அறிவொளி இயக்கம் புதுக்கோட்டை மாவட்டத்தில் பெண்களுக்கு எழுத்தோடு மிதிவண்டி ஓட்டவும் கற்பித்தது. கற்றவர் தாமே சென்று வர ஒரு வழியும் வேண்டும் என்பதை அவ்வியக்கம் உணர்ந்திருந்தது.

நன்னூலும் மாலை வகுப்பும்

பவணந்தி முனிவர் தம் நன்னூலின் பொதுப்பாயிரத்தில் நல்லாசிரியர், நன்மாணாக்கர் இலக்கணங்களை விரித்துரைக்கிறார். அன்னமும் பசுவும் முதல்நிலை மாணாக்கர்க்கு உவமையாகின்றன. ஓட்டைக்குடமும் எருமையும் கடைநிலைக்கு உவமையாகின்றன. கற்பிக்கத் தகாதவர் வரிசையில் உறங்குபவனும் இடம்பெறுகிறான்.

நம் மாலை வகுப்பில் இரண்டாம் பாடவேளையில் தலை சாயாத நாளே இல்லை. தொடக்கத்தில், நன்னூலார் விலக்கிய மாணாக்கர் இவரே என்று நாமும் எண்ணினோம். விசாரித்தபோதுதான், காலை 7 மணிக்குத் தோல் பதனிடும் தொழிற்கூடத்திற்குச் சென்றவர் மாலை 5 மணிக்கு அங்கிருந்து நேரே வகுப்புக்கு வருகிறார் என்பது தெரிந்தது. மடியால் உறங்குபவன் வேறு. உழைப்பால் உறங்குபவன் வேறு. நூற்பா பழுதன்று, அதனைப் பொருத்திப் பார்த்த நம் பார்வையே பழுது.

அதன்பின் முறையை மாற்றினோம். உரைநடை விளக்கத்தை முதற்பொழுதில் முடித்து, மஃக்ரிப் தொழுகைக்கான இடைவேளைக்குப் பின்னர், அவர்களையே படிக்கவும் எழுதவும் வாதிடவும் வைத்தோம். ரமலானில் நோன்பு திறக்கும் நேரத்தை ஒட்டிப் பாடவேளைகளைச் சுருக்கினோம். உறக்கம் முற்றும் அகலவில்லை எனினும் பெரிதும் குறைந்தது.

விளித்தலில் உள்ள சிக்கல்

இளைஞரைப் பெயர் சொல்லி அழைக்கிறோம். ஐம்பது வயதினரை எவ்வாறு அழைப்பது? நம் வகுப்பில் ஒரு பள்ளிவாசல் இமாம் பயின்றார். வெள்ளிதோறும் அவர் மிம்பரில் நின்று உரையாற்ற, நாம் கீழே அமர்ந்து கேட்போம். திங்கட்கிழமை மாலை நாம் மேடையில் நிற்க, அவர் பலகையில் அமர்ந்திருப்பார். நாம் அவரை ‘ஹஜ்ரத்’ என்போம். அவர் நம்மை ‘ஐயா’ என்பார். அவருடைய விடைத்தாளில் சிவப்பு மையால் பிழை சுழிக்கும்போது முதலில் கை நடுங்கியது. அவரோ, “ஐயா, பிழையை விட்டுவிடாதீர்கள், ஜும்ஆவில் நான் பிழையாகப் பேசினால் ஊரே பிழையாகக் கேட்கும்” என்றார். மதிப்பும் திருத்தமும் ஒன்றுக்கொன்று பகையல்ல என்பதை அவரிடமே கற்றோம்.

இவ்விமாம் தமிழிலக்கணத்தைக் கண்டு அஞ்சியவர். ஆனால் அரபு இலக்கணத்தில் வல்லவர். அரபியில் சொல்லை இஸ்மு, ஃபிஅலு, ஹர்ஃபு என மூன்றாகப் பகுப்பர். அவற்றோடு பெயர், வினை, இடை என்பவற்றை ஒப்பிட்டு, உரிச்சொல் தமிழில் தனிவகையாக நிற்பதைக் காட்டினோம். அரபியில் ஒருமை, பன்மை என்பவற்றோடு இருமையும் உண்டு. தமிழில் இல்லை என்பதை அவரே எடுத்துச் சொன்னார். ஒரு மாதத்தில் அச்சம் நீங்கியது. தெரிந்ததைக் கொண்டு தெரியாததை அறிவித்தலே முதிர்ந்தோர்க்கு ஏற்ற முறை என்பது இதனால் பெறப்படும்.

பட்டறிவே பாடநூல்

அமெரிக்கக் கல்வியாளர் மால்கம் நோல்ஸ், வளர்ந்தோர் கல்வி சிறுவர் கல்வியினின்று வேறுபட்டது என்று 1970-இல் வெளிவந்த தம் நூலில் விரிவாக வாதிட்டார். வளர்ந்தவர் தம் வாழ்வனுபவத்தோடு வருகிறார். உடனே பயன்படுவதை நாடுகிறார். தாமே தம் கல்வியை நடத்த விரும்புகிறார் என்பன அவர் கருத்தின் சாரமாகும். பிரேசில் நாட்டுப் பாவ்லோ பிரைரே 1963-இல் அங்கிகோஸ் என்னும் ஊரில் ஏறத்தாழ 300 உழைப்பாளர்க்கு 40 மணிநேரப் பயிற்சியில் எழுத்தறிவித்த முயற்சி உலகப் புகழ் பெற்றது. மக்கள் நாவில் அன்றாடம் வழங்கும் சொற்களிலிருந்தே அவர் பாடத்தைத் தொடங்கினார்.

இதன் உண்மையை நாம் குழூஉக்குறி நடத்திய நாளில் கண்டோம். பொற்கொல்லர் பொன்னைப் ‘பறி’ என்பர் என்னும் பழைய எடுத்துக்காட்டைச் சொல்லி முடிக்குமுன், பின்வரிசையில் இருந்த தரகர் ஒருவர் எழுந்தார். சந்தையில் துண்டுக்குள் கைவிட்டு விரல் பிடித்து விலை பேசும் முறையையும், தரகர் எண்களுக்கு வழங்கும் மறைச்சொற்களையும் விளக்கினார். ஜவுளிக்கடை ஊழியர் தம் கடை வழக்கைக் கூறினார். அன்று யாரும் உறங்கவில்லை. நாம் கரும்பலகையில் எழுதும் எழுத்தர் ஆனோம், அவ்வளவே.

ஆயினும் அனுபவம் ஒரோவழி இடராவதும் உண்டு. ‘எனக்குத் தெரியும்’ என்று ஒருவரே வகுப்பு முழுவதும் பேசுவார். எழுத்துக் கூட்டிப் படிப்பவர் ஒதுங்கிவிடுவார். ரகர, றகரமும் னகர, ணகரமும் மயங்கும் மூத்தவர் உரக்கப் படிக்க நாணுவார். அத்தகையோரைத் தனியே அழைத்துப் படிக்கச் செய்து, தேறியபின்னரே அவையில் படிக்க வைத்தல் வேண்டும். இளைஞர் முன்னிலையில் அவர் தலைகுனிய நேர்ந்தால், மறுநாள் வாரார்.

ஒரு பிழையும் அதன் விலையும்

இதனை நாம் நம் பிழையாலேயே உணர்ந்தோம். கடை ஒன்றில் கணக்கெழுதும் நாற்பத்தைந்து வயது மாணவர் ஒருவர் நாள்தோறும் பத்து, பதினைந்து நிமிடம் தாழ்ந்தே வருவார். ஒருநாள் பொறுமை இழந்து, “வகுப்புக்கு நீங்களா, உங்களுக்கு வகுப்பா?” என்று எல்லோர் முன்னும் கேட்டுவிட்டோம். அவர் ஒன்றும் சொல்லாமல் அமர்ந்தார். மறுநாள் முதல் அவர் இருக்கை வெறுமையாயிற்று.

மூன்று வாரம் சென்றபின், உடன் பயிலும் ஒருவர் வழியே செய்தி தெரிந்தது. கடையை அடைத்ததும் வீட்டுக்கு ஓடி, படுக்கையில் கிடக்கும் தாயாருக்குக் கஞ்சி புகட்டிவிட்டே அவர் வகுப்புக்கு வருவார். நாம் அவர் வீட்டுக்குச் சென்று வருத்தம் தெரிவித்தோம். “நீங்க என்ன செய்வீங்க ஐயா, நான் சொல்லியிருக்கணும்” என்று நமக்கே ஆறுதல் கூறித் தேநீர் தந்தார். ஆனால், தேர்வு எழுதுவதற்கு வேண்டிய 75 விழுக்காட்டு வருகைப்பதிவு அதற்குள் குறைந்துபோயிற்று. அவர் மறு ஆண்டு திரும்ப வந்து படித்துத் தேறினார். எனினும், நாற்பத்தைந்து வயதில் ஒருவர் இழந்த அந்த ஓராண்டை எந்த வருத்தத்தாலும் நம்மால் திருப்பித் தர இயலவில்லை. பத்து நிமிடத் தாழ்வைக் கண்ட நாம், அப்பத்து நிமிடம் எங்கே சென்றது என்று ஒருமுறையேனும் கேட்டிருக்கலாம்.

ஆசிரியர் மேற்கொள்ளத்தக்கவை

1. பருவத் தொடக்கத்திலேயே ஒவ்வொரு மாணவரின் தொழில், பணிநேரம், குடும்பச் சூழல் ஆகியவற்றைத் தனியே கேட்டறிதல் வேண்டும்.

2. முதற் பத்து நிமிடத்தை முந்தைய பாடத்தின் மீள்பார்வைக்கு ஒதுக்கினால், தாழ்ந்து வருபவர் புதுப்பாடத்தை இழவார்.

3. வீட்டுப்பாடத்தைக் குறைத்து, வகுப்பிலேயே எழுதச் செய்தல் நலம். விண்ணப்பம், வரவேற்புரை, தொழில்முறைக் கடிதம் போன்று மறுநாளே பயன்படும் எழுத்துப் பயிற்சிகள் அவர்தம் ஊக்கத்தை வளர்க்கும்.

4. பணியிடத்திலிருந்து வரும் கைப்பேசி அழைப்பைத் திமிராகக் கொள்ளலாகாது. வெளியே சென்று பேசிவர ஒரு முறையை வகுப்பாரே வகுத்துக்கொள்ளட்டும்.

5. வயதுக்கு மதிப்பளித்தல் வேண்டும். மதிப்பெண்ணில் சலுகை அளித்தல் கூடாது. சலுகையை அவர்களும் விரும்புவதில்லை.

முடிவுரை

2011-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி தமிழகத்தின் எழுத்தறிவு 80.09 விழுக்காடாகும். எஞ்சியோரும், இடையில் படிப்பை விட்டோரும் நம் தெருக்களிலேயே வாழ்கின்றனர். அவருள் ஒருவர் தயங்கித் தயங்கிக் கல்லூரி வாயிலுக்கு வரும்போது, அவருக்கு இருக்கை தருவது நிருவாகத்தின் கடமை. அவ்விருக்கையில் அவர் நிலைத்திருக்கச் செய்வது ஆசிரியரின் கடமை. கடை முதலாளிகளாகவும் தொழிற்கூட உரிமையாளராகவும் விளங்கும் ஊர்ப் பெரியோர், தம்மிடம் பணிபுரியும் மாணவரை மாலையில் அரைமணி முன்னதாக அனுப்பி வைப்பார்களாயின், அதுவும் கல்விக்கு ஈந்த கொடையே ஆகும். மாணவச் செல்வங்களும் தம் பக்கத்தில் அமரும் மூத்தவரைக் கண்டு நகையாமல், அவர் எழுதத் தவறிய குறிப்பைக் கொடுத்து உதவுவார்களாக. இந்நால்வரும் இணைந்தால் எந்த வயதினர்க்கும் கல்லூரி வாயில் அடையாது.