நீர் வடியும் வாரம்

அன்புள்ள பாப்பாவுக்கு,

சித்தப்பா எழுதுவது. கடைசி ஆண்டு ஆய்வுக்கு வடுவூர் ஏரிக்கு வரும் வலசைப் பறவைகளை எடுத்துக்கொள்ளப் போவதாகவும், சுற்றியுள்ள விவசாயிகளுக்கு விழிப்புணர்வு கொடுக்க நோட்டீஸ் அடிக்கப் போவதாகவும் எழுதியிருந்தாய். ஆய்வு சந்தோஷம். நோட்டீஸை மட்டும் இப்போதைக்கு நிறுத்தி வை.

வடுவூர் ஏரியை 1999இல் சரணாலயமாக்கினார்கள், 2022இல் ராம்சார் பட்டியலிலும் சேர்ந்தது. ஆனாலும் அது பாசன ஏரிதான். மேட்டூர் அணையில் திறந்த தண்ணீர் வந்து நிரப்பினால்தான் அங்கே வாத்து மிதக்கும். வருகிறவர்கள் எல்லோரும் பார்வைக் கோபுரத்தில் ஏறி, ஏரியில் உட்கார்ந்திருப்பதை எண்ணிவிட்டுப் போகிறார்கள். பகலில் அங்கே தூங்கி வழியும் ஊசிவால் வாத்தும் நீலச்சிறகியும் இருட்டியதும் எங்கே கிளம்புகின்றன என்று யாரும் பின்னால் போய்ப் பார்ப்பதில்லை. அவை வயலுக்குப் போகின்றன. ஏரி அவற்றுக்குப் படுக்கையறை, பந்தி போடுவது வயலில்.

உள்ளான் வகைகளுக்கு ஏரியின் ஆழமே ஆகாது. கால் நனையும் அளவுக்குத் தண்ணீர், அலகு இறங்கும் அளவுக்குச் சேறு, இவ்வளவுதான் அவற்றின் தேவை. புரட்டாசி, ஐப்பசியில் அவை வந்து இறங்கும்போது சம்பாவும் தாளடியும் தண்ணீரில் நிற்கும். நெல்லுக்காக நாம் வரப்பு வைத்துக் கட்டிய நீரில், யாரும் திட்டம் போடாமலே, வடக்கிலிருந்து வரும் பறவைக்குக் குளிர்காலம் கழிந்துவிடுகிறது.

ஆகவே வயலில் என்ன மாறினாலும் அது பறவையின் தலையில்தான் விடியும். பூச்சிமருந்தைத்தான் எல்லோரும் முதலில் சொல்வார்கள். நான் பெல்ட் அறுவடை மெஷினைச் சொல்வேன். ஆள் இறங்கி அறுத்த காலத்தில் கணுக்கால் சேற்றிலும் அரிவாள் ஓடும், வயல் சொதசொதவென்று இருப்பதைப் பற்றி யாரும் கவலைப்பட்டதில்லை. மெஷின் புதையக் கூடாது. மணிக்கணக்கில் வாடகை, புதைந்தால் அந்த மணிக்கும் காசு. அதனால் கதிர் பழுக்கும்போதே மடையைத் திறந்து நீரை வடித்து, தரையை இறுக விடுகிறோம். அறுத்த கையோடு வைக்கோலும் உருளை உருளையாகக் கட்டுப்பட்டு லாரி ஏறிவிடுகிறது. முன்பு அறுப்புக்குப் பத்து நாள் முன்னால் ஈரத்தில் தெளித்த உளுந்தும் பயறும் தாள் நடுவே முளைத்து நிற்கும், அந்தத் தாள்களுக்கு இடையில் பொரி உள்ளான் ஓடும், மஞ்சள் வாலாட்டி பூச்சி பொறுக்கும். இப்போது முளைத்த பயறையே பெல்ட் நசுக்கிவிட்டுப் போகிறது என்று உன் அப்பா புலம்புவது உனக்கே தெரியும்.

இதில் காலக் கணக்குதான் முக்கியம். தையில் வயல் காய்ந்துவிடுகிறது. பறவையோ பங்குனி வாக்கில்தான் கிளம்பும். நடுவில் உள்ள இந்த இரண்டு மாதமும் அது சும்மா இருக்கும் காலமல்ல, நெடும்பயணத்துக்குக் கொழுப்புச் சேர்க்கும் காலம். சரியாக அப்போதுதான் தீனி மேடை வறண்டு கிடக்கிறது.

களைக்கொல்லியும் உண்டு. கோரையும் குதிரைவாலிப் புல்லும் நமக்குக் களை, அவற்றின் விதை வாத்துக்குச் சாப்பாடு. களை இல்லாத வயலைப் பார்த்து உன் பேராசிரியர் மெச்சுவார், நீலச்சிறகி மெச்சாது. மிஞ்சிச் சிதறிய நெல்லையும் வெளியூரிலிருந்து மேய்த்து வரும் நாட்டு வாத்துப் பட்டிகள் துடைத்துவிடுகின்றன. மேய்ப்பவர்களுக்கும் அது பிழைப்பு.

நாளை நீ வேளாண் அலுவலரானால் உன் வாயிலிருந்தே வரப்போகும் பரிந்துரைகளையும் யோசித்துக்கொள். நேரடி விதைப்பு, காய்ச்சலும் பாய்ச்சலுமாக நீர் கட்டுவது: தண்ணீர் மிச்சம், மீத்தேன் குறையும், நானும் ஆதரிப்பவன்தான். ஆனால் புழுதியில் விதைத்த வயலில் மழை பிடிக்கும் வரை நீரே இராது, நடவு வயலின் சேறும் இராது. பறவைக்கு இது நல்லதா கெட்டதா என்று ஒரு வரியில் சொல்ல முடியாது. லேசாக வடிந்த சேறு சில உள்ளான்களுக்குத் தோதாகவும் இருக்கலாம். இதை நம் வயலில் நின்று அளந்து பார்க்கத்தான் உன்னைப் போன்றவர்கள் வேண்டும்.

நிலமே கைமாறிப் போவது வேறு கதை. நாகைக் கடலோரத்தில் நெல் வயல்கள் இறால் பண்ணையானபோது சர்வோதயத் தலைவர் எஸ். ஜெகந்நாதன் உச்ச நீதிமன்றம் வரை போய் 1996இல் அவற்றுக்கு எதிராகத் தீர்ப்பு வாங்கினார். அதை ஒருமுறை படி.

நீ கலிஃபோர்னியாவை உதாரணம் காட்டியிருந்தாய். நல்ல உதாரணம்தான், ஆனால் முழுதாகப் பார். சாக்ரமெண்டோ பள்ளத்தாக்கில் வைக்கோலைக் கொளுத்துவதைக் குறைக்க 1991இல் சட்டம் வந்தது. அது ஊர்க்காரர்களின் மூச்சுக்காக வந்த சட்டம். கொளுத்த முடியாத விவசாயிகள் அறுப்பு முடிந்ததும் வயலில் நீரைக் கட்டி வைக்கோலை மட்க விட்டார்கள். வாத்தும் கூட்டம் கூட்டமாக வந்திறங்கி, சேற்றை மிதித்துக் கிளறி மட்க உதவியது. பிறகு 2014இல் நேச்சர் கன்சர்வன்சி அமைப்பு விவசாயிகளிடம் விலைப்புள்ளி கேட்டது: சில வாரம் கூடுதலாக நீர் நிறுத்த என்ன விலை சொல்கிறீர்கள் என்று. விலை படிந்த வயல்களைப் பறவைகளுக்காக வாடகைக்கு எடுத்தது. அதே மாநிலத்தில் பாதாம் தோப்புகளும் பல ஆண்டுகளாகப் பெருகி வந்தன. தோப்பில் யாரும் நீர் கட்ட மாட்டார்கள். வறட்சி ஆண்டில் நெல்லும் சுருங்கிவிடுகிறது.

இங்கே அப்படியே பெயர்த்து நட முடியாது. ஜனவரிக் கடைசியில் மேட்டூரை மூடிவிடுவார்கள், புதிதாகக் கட்ட நீர் ஏது? பயறு போட்டவன் வயலில் நீர் நிறுத்தச் சொன்னால் அடிக்க வருவான், வரவும் வேண்டும். ஆனால் ஒவ்வொரு ஊரிலும் பயறு வராத பள்ள வயல் நாலு இருக்கும். அதில் கிடக்கும் நீரை மூன்று வாரம் வடிக்காமல் வைக்க ஏக்கருக்கு என்ன கேட்பார்கள்? இந்த ஒரு கேள்வி உன் ஆய்வுக்குப் போதும் என்பது என் அபிப்பிராயம்.

கேட்கப் போகும்போது கற்பிக்கப் போகாதே. கார்த்திகை மழையில் பயிர் மூழ்கி விவசாயி கண்ணீர் விடும் வயல்தான் பறவைக்குத் திருவிழா என்பதை மறக்காதே. நீலத் தாழைக்கோழி நாற்றைக் கடித்துத் துவம்சம் பண்ணுவதை முதலில் அவர்கள் சொல்லட்டும், எழுதிக்கொள். அறுப்பு என்றைக்கு, மடை திறந்தது என்றைக்கு, மெஷின் யாருடையது, இவற்றைத் தேதியோடு குறி. கோபுரத்திலிருந்து எடுத்த எண்ணிக்கையை அதன் பக்கத்தில் வை. இரவில் வயலுக்குப் போனால் டார்ச்சைப் பறவை மேல் அடிக்காதே, பாம்புக்காக வரப்பின் மேல் அடி.

முதலில் மேலத்தெரு பம்ப்செட்டுக்காரரைப் பார். எந்த வயல் எப்போது காயும் என்பது அந்தப் பக்கத்தில் அவருக்குத்தான் அத்துப்படி. என் பெயரை மட்டும் சொல்லிவிடாதே. எங்களுக்குள் வரப்புத் தகராறு இன்னும் தீரவில்லை.

அன்புடன்,
சித்தப்பா