லப்டொப்புக்கு ஏற்ற கேபிள் எது?

கேள்வி: லப்டொப்போடு வந்த 100 வொட் சார்ஜரின் கேபிள் பிய்ந்துவிட்டது. மருதானை ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில், ‘பாஸ்ட் சார்ஜிங்’ என்று சொல்லி விற்ற டைப்-சி கேபிள் ஒன்றை வாங்கினேன். போனுக்கு நன்றாகச் சார்ஜ் ஏறுகிறது. லப்டொப்பிலோ வீடியோ எடிட் செய்யும்போது பற்றரி இறங்கிக்கொண்டே போகிறது. சார்ஜர் பழுதா?
– வாசகர், மருதானை

பதில்: சார்ஜரைச் சந்தேகிக்குமுன் கேபிளை மாற்றிப் பாருங்கள். இரு முனையும் டைப்-சியாக உள்ள சாதாரண கேபிள் 3 அம்பியருக்கானது. 20 வோல்ட்டில் அது 60 வொட். 5 அம்பியர் போகவேண்டுமென்றால் கேபிளின் முனைக்குள் ஒரு சிறு சிப் இருக்கவேண்டும். இந்தக் கேபிள் 5 அம்பியர் தாங்கும் என்று சார்ஜருக்கு அறிவிப்பது அதுதான். அந்த அறிவிப்பு வராவிட்டால் சார்ஜர் 3 அம்பியரைத் தாண்டாது. அது கோளாறல்ல, பாதுகாப்பு. போனுக்கு 60 வொட் தாராளம்; வீடியோ எடிட் செய்யும் லப்டொப்புக்குப் போதாமல் போகலாம். உள்ளே செப்புக் கம்பி மெல்லியதாக இருந்தால் அதிலும் ஒரு பங்கு வெப்பமாக வீணாகும். மேலே நூல் பின்னியிருப்பதை வைத்து உள்ளே இருக்கும் கம்பியின் தடிப்பைக் கணிக்கமுடியாது.

ஆகவே ‘240W’ என்று அச்சிட்ட கேபிளைக் கேளுங்கள். 2021இல் வந்த புதிய தரத்தின் உச்ச அளவு அது. உங்கள் 100 வொட் சார்ஜரோடும் தாராளமாகப் பாவிக்கலாம். நீளம் ஒரு மீற்றர் போதும். வொட் கூடினால் ஃபைல்களும் வேகமாகப் போகும் என்று நினைக்கவேண்டாம். பல 240 வொட் கேபிள்களில் தரவு வேகம் பழைய 480 மெகாபிட்தான்.

மலிவுக் கேபிளில் மெதுவாகச் சார்ஜ் ஏறுவதைவிடப் பெரிய ஆபத்தும் உண்டு. கூகுள் பொறியியலாளர் பென்சன் லியுங் 2015இல் இணையத்தில் விற்கும் டைப்-சி கேபிள்களை வாங்கிப் பரிசோதிக்கத் தொடங்கினார். 2016 பெப்ரவரியில் ஒரு கேபிள் அவருடைய லப்டொப்பையே பழுதாக்கியது. உள்ளே மின் கம்பியும் தரைக் கம்பியும் இடம்மாறி இணைக்கப்பட்டிருந்தன. வெளியே பார்த்து அதைக் கண்டுபிடிக்க வழியே இல்லை. அடுத்த மாதமே, தரத்துக்கு ஒவ்வாத டைப்-சி கேபிள்களை விற்க அமேசான் தடை விதித்தது.

நடைபாதை வியாபாரியைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. பெட்டிக்குள் என்ன வருகிறது என்பது அவருக்கும் தெரியாது. ஆனால் லட்சக்கணக்கில் விலை கொடுத்த லப்டொப்புக்கு பில் தரும் கடையில்தான் கேபிள் வாங்கவேண்டும். புறக்கோட்டை முதலாம் குறுக்குத் தெருவுக்கு லப்டொப்பையும் சார்ஜரையும் கொண்டுபோய், அங்கேயே மாட்டி, வேலை செய்ய வைத்துப் பார்த்து வாங்குங்கள். பில்லில் வொட் அளவையும் எழுதித் தரச் சொல்லுங்கள். சொன்னபடி இல்லாமல் கடையும் மாற்றித் தர மறுத்தால், நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபையின் 1977 இலக்கத்துக்கு அழைத்து முறையிட அந்தப் பில் கையில் இருக்கவேண்டும்.