ஞாயிறு ராத்திரி வரும் வயிற்றுவலி

தங்கச்சி, ஞாயிறு ராத்திரி ஆரம்பித்து, திங்கள் காலையில் அதிகமாகி, லீவு என்றதும் காணாமல் போகிற வயிற்றுவலியை நடிப்பு என்று முடிவு கட்டாதே. பயந்த பிள்ளைக்கு நிஜமாகவே வயிறு வலிக்கும், வாந்தி வரும். ஒரு தடவை டாக்டரிடம் காட்டிவிடு. உடம்பில் கோளாறு இல்லை என்றால், பயத்துக்குக் காரணம் தேடு.

"ஏன்டா ஸ்கூலுக்குப் போகமாட்டேங்குற?" என்று கேட்டால் பதில் வராது. பல நேரம் பிள்ளைக்கே காரணம் தெரியாது. சின்னச் சின்னதாகக் கேள். வேனில் பக்கத்தில் யார் உட்கார்ந்தா? மத்தியானம் யாரோடு சாப்பிட்டே? எந்த பீரியட் சீக்கிரம் முடியணும்னு இருக்கும்? பாத்ரூம் போனியா? இந்தக் கடைசிக் கேள்வியை விட்டுவிடாதே. கழிப்பறை நாறும், தாழ்ப்பாள் இருக்காது, மிஸ்ஸிடம் கேட்கவும் பயம். அதனாலேயே தண்ணீர் குடிக்காமல் அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கிற பிள்ளைகள் நிறைய. சாயங்காலம் வாட்டர் பாட்டிலைத் தூக்கிப் பார். காலையில் நிரப்பியது அப்படியே கனத்தால் மிஸ்ஸிடம் பேசு. கேட்காமலே எழுந்து போகலாம் என்று ஒரு அனுமதி கிடைத்தாலே சில பிள்ளைகளின் அழுகை நின்றுவிடும்.

நோட்டையும் புரட்டு. போர்டில் எழுதியதைப் பாதியில் விட்டிருந்தால் முதலில் கண்ணைப் பரிசோதி. வாயால் பளிச்சென்று பதில் சொல்கிறவன் எழுத்துக்கூட்டத் திணறினால் கற்றல் குறைபாடாக இருக்கலாம். திட்டினால் அது சரியாகாது.

பாவம் என்று வீட்டில் இருக்க வைத்தால் அன்றைக்கு நிம்மதிதான். மறுநாள் கிளப்புவது இன்னும் கஷ்டம். ரொம்ப நாள் போகாதவனை, கிளாஸ் மிஸ்ஸிடம் பேசிக்கொண்டு, முதலில் கேட் வரைக்கும், அப்புறம் ஒரு பீரியட், அப்புறம் மத்தியானம் வரைக்கும் என்று பழக்கு. கேட்டில் சொல்லாமல் நழுவாதே. எத்தனை மணிக்கு வருவாய் என்று சொல்லிவிட்டு உடனே கிளம்பு.

பள்ளியில் சமர்த்தாக இருந்துவிட்டு, வீட்டுக்கு வந்ததும் பையை வீசுகிறானா? நாளெல்லாம் அடக்கி வைத்தது அது. முதலில் சாப்பாடு கொடு. அரை மணி நேரம் ஹோம்வொர்க் பேச்சே வேண்டாம். கை நீட்டினால் கையைப் பிடித்து, "அடிக்க விடமாட்டேன்" என்று மட்டும் சொல். புத்திமதியெல்லாம் அவன் அடங்கிய பிறகு.

பள்ளியிலும் அடிக்கிறான் என்று புகார் வந்தால், அதற்குச் சற்றுமுன் என்ன நடந்தது, அடித்த பிறகு என்ன கிடைத்தது என்று மிஸ்ஸைக் கேட்டு ஒரு வாரம் எழுதி வை. கணக்கு பீரியடில்தான் அடிக்கிறான், உடனே வெளியே நிறுத்துகிறார்கள் என்றால், அந்தத் தண்டனையே அவனைக் கணக்கிலிருந்து காப்பாற்றுகிறது. அப்போது கவனிக்க வேண்டியது கணக்கை.

டீச்சர் அடித்தாலோ, எல்லார் முன்னாலும் கேவலப்படுத்தினாலோ பொறுத்துப்போகாதே. கல்வி உரிமைச் சட்டம் 2009, 17-ஆம் பிரிவு இரண்டையும் தடை செய்கிறது. தலைமை ஆசிரியரிடம் எழுத்தில் புகார் கொடு. கேட்கவில்லையா, குழந்தைகள் உதவி எண் 1098-க்குக் கூப்பிடு.

தூக்கமும் சாப்பாடும் வாரக்கணக்கில் குறைந்தால் குழந்தைகள் மனநல மருத்துவரைப் பார். டெலி மானஸ் என்கிற அரசு மனநல உதவி எண் 14416, இலவசம், 24 மணி நேரமும் தமிழில் பேசலாம். "செத்துடலாம் போல இருக்கு" என்று ஒரு வார்த்தை வந்தால், கோபத்தில் சொல்கிறான் என்று விடாமல், அன்றைக்கே டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போ.