மூக்கில் குடியிருக்கும் கிருமி

கேள்வி: ஸ்டாஃபிலோகாக்கஸ் கிருமி நலமாக இருப்பவர்களிடமும் உண்டாமே, எத்தனை பேரிடம் உண்டு என்பதை எவ்வாறு அளக்கிறார்கள்? (வாசகர், இராசிபுரம்)

பதில்: சீழ்க்கட்டிகளுக்குக் காரணமான ஸ்டாஃபிலோகாக்கஸ் ஆரியஸ் என்னும் பாக்டீரியா ஏறத்தாழ மூவரில் ஒருவரின் மூக்கின் முன்பகுதியில் எத்தீங்கும் செய்யாமல் தங்கியிருக்கிறது; அத்தகையோர் 'சுமப்போர்' எனப்படுவர். மூக்கின் உட்புறத்தைப் பஞ்சுக்குச்சியால் தடவி, உப்பு மிகுந்த மானிட்டால் ஊடகத்தில் தேய்த்து, 37 பாகை செல்சியஸில் ஓரிரு நாள் வைத்தால், பிற கிருமிகள் பெரும்பாலும் ஒடுங்க, இது மஞ்சள் நிறத் திட்டுகளாக வளரும். பிளாஸ்மாவை உறையவைக்கும் கோயாகுலேஸ் நொதியைக் கொண்டு இனம் உறுதிசெய்யப்படும். ஆயினும் ஒருமுறை எடுக்கும் மாதிரி, நிலையாகச் சுமப்போரையும் இடையிடையே சுமப்போரையும் பிரித்துக் காட்டாது என்பதால், சில வார இடைவெளியில் மீண்டும் சோதிக்க வேண்டியுள்ளது. தொண்டையிலும் மாதிரி எடுத்தால் விழுக்காடு உயரும். யாரிடம் எடுக்கப்பட்டது என்பது அதனினும் முக்கியம். எளிதில் கிடைக்கிறார்கள் என்று சேலத்து மருத்துவ மாணவர்களை மட்டும் சோதித்துப் பெறும் கணக்கு, நாமக்கல் கோழிப்பண்ணைத் தொழிலாளருக்கோ பள்ளிபாளையம் விசைத்தறியாளருக்கோ பொருந்தாது. கால்நடைகளோடு பழகுவோரிடம் மெத்திசிலின் என்னும் நுண்ணுயிர்க்கொல்லி மருந்துக்கு அடங்காத தனிவகை பரவக்கூடும் என்பதை நெதர்லாந்துப் பன்றிப்பண்ணைகள் 2000-களில் உணர்த்தின. கிருமியைச் சுமப்பது நோயன்று. நலமாக இருப்பவர் அதற்காக மருந்து உண்ணத் தேவையில்லை.